தரையோடு போன பந்து

தகரத்தில் பந்து மோதுகிற சத்தம். டங் என்று ஓர் அடி, அதற்குப் பின்னால் தகரம் நடுங்கி நடுங்கி அடங்குகிற நீண்ட முனகல். கல்லடியில் நான் இப்போது குடியிருக்கிற ஒழுங்கையில், பக்கத்து வளவுப் பிள்ளைகள் பின்னேரங்களில் வேலித் தகரத்துக்குப் பந்தடிக்கிறார்கள். கத்துகிறார்கள், கோலா இல்லையா என்று சண்டை பிடிக்கிறார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றுவிடுகிறேன். ஐம்பதைத் தொட்ட உடம்பு, மழைக்கு முதலே மழையைச் சொல்கிற முழங்கால். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டால் உடம்பு எதற்கோ காத்து நிற்கிறது. ஒரு துவக்குக் குழல் மெல்லத் திரும்புவதற்கு. எதுவும் திரும்புவதில்லை. பந்து மட்டும் திரும்பி வருகிறது, ஒரு பிள்ளை அதைக் காலால் அமர்த்துகிறது, மறுபடியும் டங்.

நாங்கள் விளையாடிய மைதானத்தின் மூலையில் ஒரு காவலரண் இருந்தது. தார்ப் பீப்பாய்கள், மண்மூட்டைகள், மேலே தகரம். மைதானத்தின் பாதியை ஆமி முகாம் எடுத்துக்கொண்டது. மிச்சப் பாதியில் விளையாட எங்களை விட்டிருந்தார்கள். நடுக்கோடு இருந்த இடத்தில் முள்கம்பி ஓடியது. பந்து தகரத்தில் பட்டால் ஆட்டம் நின்றுவிடும். எல்லாரும் நின்ற இடத்தில் நிற்போம், கைகள் தெரியும்படி. அரணுக்குள் இருப்பவன் பார்ப்பான். அவன் பார்த்து முடிந்த பிறகுதான் மூச்சு.

ஒருநாள் பந்து கம்பிக்கு அப்பால் விழுந்தது. எங்களிடம் இருந்தது அந்த ஒரு பந்து. இடது பக்கம் ஓடுகிறவன், எங்களுக்குள் அதிகம் சிரிக்கிறவன், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கம்பிக்குக் கிட்டப் போனான், தெரிந்த நாலைந்து சிங்களச் சொல்லில் பந்தைக் கேட்பதற்கு. அவனை உள்ளே கூப்பிட்டார்கள். சில நாள் கழித்துத்தான் வெளியே விட்டார்கள். அதற்குப் பிறகும் அவன் மைதானத்துக்கு வருவான். ஓரத்தில் குந்தியிருப்பான். பந்து உருண்டு அவன் காலடிக்குப் போனால் காலை மெல்ல இழுத்துக்கொள்வான். அவனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

கூடிப் பேசி எடுத்த முடிவு என்று ஒன்று இல்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் பந்து முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை. கோல்காப்பாளர் பந்தைக் கையால் உருட்டிவிடுவார். கோர்னர் அடி தரையோடு வரும். தலையால் அடிப்பது என்ற ஒன்றே எங்கள் பந்தாட்டத்தில் இல்லாமல் போயிற்று. யாராவது ஒருவன் மறதியில் உயர்த்திவிட்டால், மற்றவர்கள் பந்தைப் பார்க்கமாட்டார்கள், அவனைத்தான் பார்ப்பார்கள். அவன் தானாகவே வெளியே போய் இருந்துவிடுவான்.

கதிரவெளிப் பக்கமிருந்து ஒரு கழகம் விளையாட வந்தது. கடற்கரை மணலில் வளர்ந்த பொடியன்கள், பந்தை வானத்துக்கு அனுப்பி அதற்குக் கீழே ஓடுகிறவர்கள். கம்பியைக் காட்டி விசயத்தைச் சொன்னோம். அவர்களும் தரையில்தான் ஆடவேண்டும்.

"என்ன மச்சான் இது, கோழிக்குஞ்சு மேய்க்கிற மாதிரி விளையாடுறீங்க?" என்றான் அவர்களுடைய தலைவன்.

"முதல்ல ஒரு குஞ்சப் புடி பாப்பம்" என்றார் எங்கள் கோல்காப்பாளர்.

அவர்களால் பிடிக்க முடியவில்லை. பந்து எங்கள் கால்களுக்கிடையில் தண்ணீர்ப்பாம்பைப் போல நெளிந்து போனது. வானத்தால் போகமுடியாத பந்து நடுவால்தான் போகவேண்டும். நடுவில் நான் நின்றேன். என்னை நடுக்களத்து ஆட்டக்காரனாக்கியது என் திறமை என்று பின்னால் பலர் சொன்னார்கள், எழுதினார்கள். முள்கம்பியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

எனக்கு வீடு படுவான்கரையில். வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற கரை. நான் கல்லடியில் ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்து, கடைக்குப் பின்னால் இருந்த அறையில் தங்கியிருந்தேன். கிழமைக்கொருக்கால் குருக்கள்மடம் வரைக்கும் சைக்கிள் மிதித்து, துறையில் பாதை ஏறி வீட்டுக்குப் போவேன். பாதை என்று எங்கள் ஊரில் சொல்வது மிதவையை. பீப்பாய்களுக்கு மேல் பலகை அடித்து, ஆட்களையும் மாட்டையும் மூட்டையையும் ஏற்றி அக்கரைக்குத் தள்ளுவார்கள். ஏறுகிற கரையில் ஆமி நிற்கும். இறங்குகிற கரையில் இயக்கம் நிற்கும். இடையில் கிடந்த தண்ணீரில் மட்டும் ஒருவரும் எங்களிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஆட்கள் அங்கேதான் வாய்விட்டுப் பேசுவார்கள்.

வீட்டில் அம்மாவும் அக்காவும். அப்பா நான் சிறுவனாக இருந்தபோதே போய்விட்டார். அம்மாவுக்கு எருமைகள் இருந்தன. தயிர் உறையவைத்து, சட்டிகளை வாழைச்சருகால் மூடி, பாதையில் கொண்டுவந்து இக்கரையில் விற்பாள். வீடு எங்கள் பக்கத்து வழக்கப்படி அக்காவுடையது. பெண்ணுக்குத்தான் வீடு, ஆண் கலியாணம் கட்டுகிற இடத்துக்குப் போகவேண்டியவன். அதை எனக்கு நினைவுபடுத்துவதில் அக்காவுக்குத் தனிச் சந்தோசம்.

"என்ட வீட்டுக்க சேத்துக் காலோட ஏறாத. போய்க் கழுவிட்டு வா" என்பாள்.

நாட்டு அணிக்குத் தெரிவு செய்வதற்காகக் கொழும்பிலிருந்து வந்தவர்கள் எங்கள் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு என்னைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். அதைச் சொல்லப் போன பின்னேரம் அக்கா மாட்டுப்பட்டியைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"நாட்டுக்கு விளையாடப் போறானாம். இந்தா, இந்த எருமைய ஒருக்காக் கட்டு பாப்பம்" என்றாள். சொல்லிவிட்டு விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டாள். கண் கலங்கியிருந்தது. "மெய்தானாடா?"

அம்மா வேறொன்றைக் கேட்டாள். "அந்தச் சட்டையில சிங்கம் போட்டிரிக்குமாமே?"

"ஓம் அம்மா. சின்னச் சிங்கம்தான்."

"சின்னனோ பெரிசோ, அது ஆத்தக் கடந்து இஞ்சால வர ஏலாது, மனே." வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.

அம்மாவின் பயம் சரியாகத்தான் இருந்தது. அடுத்த நாள் காலை, இயக்கத்தில் இருந்த ஒருவன் படலையைத் திறந்துகொண்டு வந்தான். எனக்குத் தெரிந்தவன்தான். ஊர்க் கழகத்தில் வலது பக்கக் காவலில் நின்றவன், ஆளை விழுத்தாமல் பந்தை மட்டும் எடுக்கத் தெரிந்தவன். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னான்.

"விளையாடப் போறது உங்கட விருப்பம். ஆனா அந்தச் சட்டையப் போட்டா, பொறகு இஞ்சால காலடி வைக்கப்படாது. இது நான் சொல்றதில்ல, மேல இருந்து வந்த சொல்லு."

அவன் எழும்பினான், போகவில்லை.

"அங்கத்த கிரவுண்டு முழுக்கப் புல்லாமே?"

"அப்பிடித்தான் சொல்றாங்க. நான் இன்னும் காணல்ல."

"அப்ப விழுந்தா நோகாது, என்ன" என்றான். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்று பின்னேரம் அம்மா பால் கறந்துகொண்டே, என் முகத்தைப் பாராமல் பேசினாள். கண்ணகி அம்மனுக்கு எங்கள் ஊரில் கொம்புமுறி விளையாடுவார்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வளைந்த கொம்புத் தடிகள் இரண்டைக் கொளுவி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு சேரியும் இருக்கும்.

"நானும் உன்ட அப்பாவும் எதிர்ச்சேரி. அவங்கட கொம்பு முறிஞ்ச அண்டைக்கு அவர என்னமா ஏசிப் பாடினன் தெரியுமா? ஊரே சிரிச்சிச்சு. பொறகு வீட்ட வந்து ரெண்டு பேரும் ஒரு சட்டிச் சோறுதான் தின்ன. இவங்கட விளையாட்டு அப்பிடி இல்ல. இதுல ஒரு பக்கம் போனா மற்றப் பக்கம் சோறு இல்ல." செம்பில் பால் விழுகிற சத்தம் நின்றது. "நீ போ. ஆனா தெரிஞ்சிட்டுப் போ."

தெரிந்துகொண்டுதான் போனேன்.

கொழும்பில் புல் இருந்தது. வானமும் இருந்தது. அவ்வளவு வானத்துக்குக் கீழே நான் ஒருபோதும் விளையாடியதில்லை. எனக்கு அறைத்தோழனாக ஏறாவூர்க்காரன் ஒருவன் வாய்த்தான், முன்வரிசையில் ஆடுகிறவன், சாரத்தைக் கட்டிக்கொண்டு சுபஹுக்கு எழும்பித் தொழுதுவிட்டு மறுபடி படுப்பவன். அவனுடைய வீட்டிலும் சில பேர் இல்லை. எப்படி இல்லாமல் போனார்கள், எங்கள் ஆட்களில் யாருடைய கையால் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம். பந்து என் காலிலிருந்து தரையோடு சுழன்று சுழன்று போவதைப் பார்த்து அவன்தான் எனக்கு நிலச்சக்கரம் என்று பட்டம் வைத்தான். பெருநாளுக்குக் கொளுத்துகிற வாணம் அது, தரையை விட்டு எழும்பாது.

"மச்சான், நீ ஒருக்காவாவது மேல ஏறி வெடியன்டா" என்பான்.

பயிற்சியாளரும் அதைத்தான் கேட்டார், சிங்களத்திலும் இங்கிலீசிலும் மாறி மாறி. தூக்கிக் கொடு, தூரத்துக்குக் கொடு. தனியாக நின்று பழகினேன். ஆள் இல்லாத மைதானத்தில் என் கால் பந்தைத் தூக்கும். அழகாகவே தூக்கும். ஆட்கள் சுற்றி நின்று ஆட்டம் தொடங்கிவிட்டால், பந்து எழும்பப்போகிற கணத்தில் கணுக்கால் தானாக இறுகிவிடும். நான் சொல்வதைக் கேட்காமல், வேறு யாருடைய கட்டளைக்கோ.

கடல் கடந்த ஒரு நகரத்தில், மழை கொட்டி ஓய்ந்த மைதானத்தில், அந்தச் சட்டையைப் போட்டு நான் ஆடிய முதல் பெரிய ஆட்டம் நடந்தது. தோற்காமல் இருந்தாலே எங்களுக்கு வெற்றி மாதிரி. இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடியப்போகிற நேரம் பந்து என்னிடம் வந்தது. எதிரணி முழுக்க எனக்கு முன்னால் கூடி நின்றது. அவர்களுக்கு அப்பால், தூரத்து மூலையில், ஏறாவூர்க்காரன் தனியாகக் கையை உயர்த்திக்கொண்டு நின்றான். அவர்களுடைய தலைகளுக்கு மேலால் ஒரு பந்து, அவ்வளவுதான். வானம் திறந்து கிடந்தது. நான் தரையோடு தட்டினேன். பந்து போய், ஒரு சேற்றுக் குழித் தண்ணீரில் சளக்கென்று நின்றது. அவர்கள் எடுத்தார்கள். அடுத்த மூச்சில் எங்கள் வலைக்குள் பந்து.

உடைமாற்றும் அறையில் பயிற்சியாளர் ஏசவில்லை. எனக்கு முன்னால் குந்தியிருந்து, ஏன் என்று மட்டும் கேட்டார். சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே ஏறாவூர்க்காரன் சிங்களத்தில் ஏதோ சொன்னான். பயிற்சியாளர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழும்பிப் போனார்.

"என்னத்தச் சொன்னாய்?"

"இவங்கட கிரவுண்டுல வானம் இல்ல சேர் எண்டு சொன்னன்."

அடுத்த ஆட்டங்களுக்கு என்னைக் கூப்பிடவில்லை. சைக்கிள் கடைக்கே திரும்பி வந்தேன். சட்டை இல்லை, இனி வீடாவது கிடைக்கும் என்று நினைத்தேன். தயிர் விற்க வந்த அக்காவிடம் சொல்லி அனுப்பி இயக்கத்தைக் கேட்டுப் பார்த்தேன். மறுகிழமை பதில் கொண்டுவந்தாள்.

"போட்ட சட்டை போட்டதுதானாம். கழட்டினாப் போல சரி வராதாம்." பிறகு, என்னைச் சிரிக்க வைப்பதற்காக, "என்ட வீட்டுக்கு ஒனக்கு விசா இல்லடா" என்றாள். அவளாலும் சிரிக்க முடியவில்லை.

ஆகவே அம்மாவும் அக்காவும்தான் வந்தார்கள். குருக்கள்மடத்துத் துறையில், ஆமிச் சோதனை முடிந்து வெளியே வருகிற இடத்தில், ஒரு பூவரசுக்குக் கீழே நான் நிற்பேன். அம்மா தயிர்ச் சட்டிகளை இறக்கிவைத்துவிட்டு முதலில் என் முழங்காலைத் தொட்டுப் பார்ப்பாள், மாட்டின் காலைப் பார்ப்பதுபோல. எதிரே தண்ணீருக்கு அப்பால் தென்னைகள் தெரியும். அவற்றுக்குப் பின்னால் வட்டை, எங்கள் வயல்வெளி. அதற்குள் எங்கேயோ எங்கள் எருமைகள். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது வீடு. ஒரு நல்ல அடிக்குப் பந்து போய் விழக்கூடிய தூரம் மாதிரித் தோன்றும்.

பயிற்சியாளர் என்னைக் கைவிடவில்லை என்பது அடுத்த வருசம்தான் தெரிந்தது. மறுபடி கூப்பிட்டனுப்பினார். என்னை வானத்துக்குப் பழக்கும் எண்ணத்தை அவர் விட்டுவிட்டார். மற்றவர்களைத் தரைக்கு இறக்கினார். என்னைச் சுற்றி, கிட்டக் கிட்ட, காலடிக்கு ஓடிவருகிறவர்களை நிறுத்தினார். அதற்குப் பிறகு வந்தவைதான் என்னுடைய நல்ல வருசங்கள். கோல் போட்டவனாக என்னை எவருக்கும் ஞாபகம் இருக்காது. கோலுக்கு முந்திய பந்துக்கு முந்திய பந்து என்னுடையதாக இருக்கும். அந்த வருசங்களை முழங்கால் முடித்துவைத்தது.

ஆனால் அந்த அழைப்பு வந்தபோது நான் போவதாக இல்லை. அதைச் சொல்லத்தான் கடைசியாகத் துறைக்குப் போனேன். அது எவ்வளவு கடைசி என்று தெரியாமல்.

அன்றைய பின்னேரத்தை எழுதுவதற்கு முதல், பின்னால் நடந்ததை எழுதி முடித்துவிடுகிறேன். என்னால் அதை இறுதியில் வைக்க முடியாது. அந்த அழைப்பில் போய் நான் வெளிநாட்டில் ஆடிக்கொண்டிருந்த மாரி காலத்தில், சண்டை மூண்டு துறையை மூடினார்கள். பாதை ஓடவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. இக்கரையில் ஆஸ்பத்திரி. அக்கரையில் வேப்பிலையும் வெந்நீரும். அக்கா அம்மாவை மாட்டுவண்டியில் ஏற்றித் துறையடிக்குக் கொண்டுவந்திருக்கிறாள். துறை திறக்கும் என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பிறகு வண்டியைத் திருப்பியிருக்கிறார்கள். கொள்ளி வைக்கவேண்டிய நான் புல்லில் நின்றுகொண்டிருந்தேன். மச்சான் முறையில் ஒருவன் வைத்தான். எனக்குச் செய்தி வந்தபோது எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்திருந்தது. ஏறாவூர்க்காரன் என்னுடைய சப்பாத்துகளை எடுத்துப் போய், சேறு போகக் கழுவி, வெயிலில் வைத்தான்.

போர்நிறுத்தம் வந்து பாதை எல்லாருக்கும் ஓடத் தொடங்கியபோது போனேன். இறங்குகிற கரையில் என்னை ஒருவரும் மறிக்கவில்லை. வலது பக்கக் காவலில் நின்றவனைப் பற்றி விசாரித்தேன். அவனும் இல்லை. அக்கா படலையடியில் நின்றாள். சேற்றுக் காலோடு உள்ளே ஏறினேன். கழுவச் சொல்லவில்லை.

இனி அந்தப் பின்னேரம். கச்சான் காற்று அடங்கி, வாவி பித்தளைத் தட்டுப் போல அசையாமல் கிடந்தது. தயிர் விற்று முடிந்த வெறும் சட்டிகளை அக்கா ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா வெற்றிலை போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கூப்பிட்டிரிக்காங்களாமே. எப்ப போற?"

"நான் போகல்ல" என்றேன். "இயக்கத்துல இரிக்கிற அவனக் கண்டு கதைக்கப் போறன். பங்கர் வெட்டச் சொன்னா வெட்டுறன், என்ன செய்யச் சொன்னாலும் செய்றன். நான் வீட்ட வாறன் அம்மா."

அக்கா சட்டிகளை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "பைத்தியமாடா ஒனக்கு? பங்கரோடயா விடுவாங்க?"

"நீ சும்மா இரி புள்ள" என்றாள் அம்மா. வெற்றிலையைத் துப்பினாள். கொஞ்ச நேரம் அக்கரையைப் பார்த்தாள். "அங்க வந்து என்ன செய்வாய்?"

"மாடு பாப்பன்."

"மாட்டக் கட்டத் தெரியாது ஒனக்கு." சிரித்தாள். சிவந்த வாய். பிறகு சிரிப்பு இல்லை. "அவங்க ஒன்ட கையில துவக்கக் குடுப்பாங்க. நீ வேணாம் எண்டு சொல்ல மாட்டாய். எனக்கு ஏதும் செஞ்சிருவாங்களெண்டு பயந்து சொல்ல மாட்டாய். அதப் பாக்கிறத்துக்கா ஒன்னப் பெத்த?"

பாதைக்காரர் கூப்பிட்டார். ஆட்கள் ஏறினார்கள். ஒரு கன்றுக்குட்டி ஏற மறுத்தது, தள்ளி ஏற்றினார்கள். அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுச் சட்டிகளோடு ஏறினாள். அம்மா பலகையில் ஒரு காலை வைத்து, மற்றக் காலைக் கரையில் வைத்தபடி என் கையைப் பிடித்திருந்தாள். தயிர் வாசம், வெற்றிலை வாசம், ஈர மண் வாசம்.

"அடுத்த கிழமை வாறன் அம்மா" என்றேன். "என்ன வந்தாலும் வாறன்."

அம்மா கையை விட்டாள். மற்றக் காலையும் பலகையில் எடுத்து வைத்தாள். பாதை கரையை விட்டது.

"நீ வந்திராத, மனே" என்றாள். "நாங்கதானே வாற."